பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் போதுமா?



வழக்கமாக நாங்கள் ஊருக்கு வந்தால் தடுப்பூசி, கர்ப்ப காலப் பராமரிப்பு, இரண்டு பிரசவத்துக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி என்றுதான் பேசுவோம். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது வேறு விஷயம். நடக்க முடியாத பிள்ளை, பார்வை குறைந்த பிள்ளை, காது கேளாத பிள்ளை, புத்தி வளர்ச்சி தாமதமான பிள்ளை, வலிப்பு வருகிற பிள்ளை என்று தனிக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை தினமும் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவது, எப்படித் திரும்பி வருவது? இதுதான் இன்றைய பேச்சு.

இது சின்ன விஷயம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். அதனால் என் தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சுமார் 20 வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் ஆறு வயசுப் பையன் உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் விறைத்துப் பின்னிக்கொள்ளும். மூளை முடக்குவாதம். ஆனால் பையன் கெட்டிக்காரன். தெருவில் போகிற ஆடுகளை ஒன்று விடாமல் எண்ணிச் சொல்லுவான். "இவனைப் பள்ளிக்கூடத்தில் சேருங்கள்" என்று தாயிடம் சொன்னேன். தலைமை ஆசிரியரையும் பார்த்துப் பேசினேன். பெயர் எழுதியாயிற்று. என் நோட்டுப் புத்தகத்தில் 'சேர்க்கப்பட்டது' என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறு வருஷம் அதே தெருவுக்குப் போனேன். பையன் அதே திண்ணையில் இருந்தான். "ஏம்மா, பள்ளிக்கூடம் போகலையா?" என்று கேட்டேன். அந்தத் தாய் சொன்ன பதிலை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"சேத்தாச்சு சார். நீங்க சொன்ன மாதிரியே பேரு எழுதியாச்சு. தினம் யாரு தூக்கிட்டுப் போறது? அதை நீங்க சொல்லலையே."

பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர். மூன்று மாதம் அந்தத் தாய் இடுப்பில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். பிறகு இடுப்பு வலி வந்து படுத்துவிட்டாள். அதற்கப்புறம் ஐந்தாம் வகுப்புப் படித்த மூத்த மகள் தூக்கிப் போயிருக்கிறாள். தம்பியை விட்டுவிட்டுத் தன் வகுப்புக்கு ஓடினால் தினமும் நேரமாகிவிடும். மழைக்காலத்தில் இருவருமே போகவில்லை. கடைசியில் தம்பியும் நின்றான், அக்காவும் நின்றுவிட்டாள்.

பள்ளியில் பெயர் சேர்ப்பது பாதி வேலைதான். பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதி வேலை. அந்த மீதியை நான் கேட்கவே இல்லை. நீங்களும் அப்படி விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

வழி இல்லாவிட்டால் யாருக்கு நஷ்டம்?

முதல் நஷ்டம் பிள்ளைக்கு. பள்ளிக்கூடம் என்பது எழுத்தும் கணக்கும் மட்டும் இல்லை. மற்றப் பிள்ளைகளோடு உட்காருவது, தன் கையால் சாப்பிடுவது, சொன்னதைக் கேட்பது, வேண்டியதைக் கேட்டு வாங்குவது எல்லாம் அங்கேதான் பழகும். வீட்டுக்குள்ளேயே கிடக்கிற பிள்ளைக்கு இருக்கிற திறமையும் மங்கிப்போகும். விறைத்த கை கால் இன்னும் மடங்கிப்போகும்.

இரண்டாவது நஷ்டம் தாய்க்கு. மூன்று வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்து நடக்கலாம். எட்டு வயசில் அது முடியுமா? வருஷா வருஷம் பிள்ளையின் எடை கூடும், தாயின் பலம் கூடாது. இடுப்பு வலி, முதுகு வலி வரும். அடுத்தடுத்துப் பிரசவித்த பெண்கள் தினமும் அதிக பாரம் தூக்கினால் கர்ப்பப்பை இறக்கமும் அதிகமாகும். வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் பல தாய்மார்கள் இதைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள்.

மூன்றாவது நஷ்டம் வீட்டில் இருக்கிற இன்னொரு பிள்ளைக்கு. பெரும்பாலும் அது மூத்த பெண். ஒரு பிள்ளையின் படிப்புக்காக இன்னொரு பிள்ளையின் படிப்பை நிறுத்துவது எந்த விதத்திலும் நியாயம் இல்லை.

இதில் தகப்பன்மார்களிடம் ஒரு வார்த்தை. "அது அவ பார்த்துக்குவா" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளை இருவருக்கும் பிறந்தது. வழி பண்ணுவதும் இருவர் பொறுப்பு.

முதல் வேலை: அடையாள அட்டை

எந்த உதவி கேட்டாலும் முதலில் கேட்பது இதைத்தான். கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற நடமாடும் மருத்துவக் குழு, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசிய திட்டம் இது. சந்தேகம் இருந்தால் மாவட்ட அளவில் இருக்கிற ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது கணக்கில் எடுக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று அரசு மருத்துவர் சான்று தந்தால் அடையாள அட்டை கிடைக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள். நாடு முழுவதும் செல்லுபடியாகிற தனித்துவ அடையாள அட்டைக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

"அட்டை வாங்கினால் ஊருக்குத் தெரிஞ்சு போகுமே, நாளைக்கு மூத்தவளுக்குச் சம்பந்தம் வருமா?" என்று சிலர் தயங்குகிறார்கள். ஊருக்கு ஏற்கெனவே தெரியும், அம்மா. தெரியாமல் இருப்பது அரசாங்க ஆபீசுக்கு மட்டும்தான். மறைத்து வைத்தால் பிள்ளைக்கு வர வேண்டியது வராமல் போகும். இது பாவமும் இல்லை, சாபமும் இல்லை, தாய் கிரகணத்தில் வெளியே வந்ததால் வந்ததும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. அதே சட்டத்தில் இன்னொரு வாசகமும் இருக்கிறது. அரசு நடத்தும் பள்ளிகளும் அரசு உதவி பெறும் பள்ளிகளும் இந்தப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து வசதி செய்ய வேண்டும். அதிகத் துணை தேவைப்படும் பிள்ளை என்றால் கூட வருகிறவருக்கும் செய்ய வேண்டும். ஆகவே பள்ளியில் போய்க் கேட்பது பிச்சை இல்லை. உரிமை. மரியாதையாகக் கேளுங்கள், தலை நிமிர்ந்து கேளுங்கள்.

யாரிடம் கேட்பது? முதலில் தலைமை ஆசிரியர். பிறகு உங்கள் வட்டார வள மையம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியவை இவை:

1. என் பிள்ளையின் பெயர், குறைபாட்டு விவரத்துடன் பள்ளிக் கணினிப் பதிவில் ஏறியிருக்கிறதா? அதில் ஏறாவிட்டால் உதவி வராது.

2. பயணப்படி கிடைக்குமா? கூட வருகிறவருக்குத் துணையாள் படி கிடைக்குமா? தொகையும் எத்தனை மாதம் என்பதும் அந்தந்த ஆண்டு ஒப்புதலைப் பொறுத்தது. பெரிய தொகை இல்லை. ஆட்டோ வாடகையில் ஒரு பகுதிக்கு உதவும். வங்கிக் கணக்கைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

3. சக்கர நாற்காலி, காலிப்பர், காது கேட்கும் கருவி போன்றவை வழங்கும் அளவீட்டு முகாம் எப்போது?

4. பிள்ளையால் தினமும் வரவே முடியாது என்றால், வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுப்பார்களா? மிகக் கடுமையான பாதிப்பு உள்ள பிள்ளைகளுக்கு வீட்டு வழிப் பயிற்சி உண்டு. ஆனால் வழி இல்லாத ஒரே காரணத்துக்காக, வர முடிந்த பிள்ளையை வீட்டுப் பயிற்சியில் போட்டுவிட ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பஸ் வசதி உள்ள ஊரா? தமிழ்நாட்டில் 2021-ல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. அதே ஆண்டு மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு வரும் ஒரு துணையாளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். மற்றப் பேருந்துகளுக்கான பயணச் சலுகை அட்டை பற்றி மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஒரு ராத்திரி கணவன் மனைவி உட்கார்ந்து பேசுங்கள்

காகிதம் எல்லாம் சரியானாலும், காலை எட்டரை மணிக்குப் பிள்ளையை யார் தூக்குவது என்பதை அரசாங்கம் தீர்மானிக்காது. நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். சாப்பாடு முடிந்து மற்றப் பிள்ளைகள் தூங்கிய பிறகு இருவரும் உட்காருங்கள். பேச்சு இப்படி இருக்கலாம்:

"என்னங்க, காலையில சமையல், தண்ணி, பெரியவளை அனுப்புறது எல்லாம் எனக்கு ஒரே நேரத்துல வருது. காலையில நீங்க கொண்டுவிட முடியுமா?"

"ஒன்பது மணிக்கு நான் வேலையில நிக்கணும். எட்டரைக்கு ரெடி பண்ணினா போற வழியில விட்டுட்டுப் போறேன். சாயங்காலம்?"

"சாயங்காலம் நான் போயி கூட்டிட்டு வர்றேன். நாத்து நடவு நாள்ல முடியாது."

"அந்த நாள்ல மட்டும் ஆட்டோ பேசிக்கலாம். இல்லாட்டி எங்க அம்மா போவாங்க."

அவ்வளவுதான். நான்கு கேள்விக்குப் பதில் இருந்தால் வழி தயார். காலையில் யார்? மாலையில் யார்? அவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் யார்? மழை பெய்தால் என்ன? நான்காவது கேள்வியை மறக்காதீர்கள். மழைக்காலத்தில் பத்து நாள் நின்ற பிள்ளை, அப்படியே நின்றுவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான்கு பிள்ளைகளுக்கு ஒரு ஆட்டோ

ஒரு வீட்டுக்குத் தனி ஆட்டோ கட்டுப்படி ஆகாது. பக்கத்துக் குக்கிராமங்களில் இதே போலப் பிள்ளைகள் இருப்பார்கள். யார் யார் என்று சிறப்புப் பயிற்றுநருக்குத் தெரியும். மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து ஒரே ஆட்டோவைப் பேசினால் வாடகை பங்காகும். துணைக்குப் போகும் தாயையும் முறை வைத்துக்கொள்ளலாம். திங்கள் ஒருத்தி, செவ்வாய் இன்னொருத்தி. ஒரு தாய் வாரம் முழுக்க அலைய வேண்டாம்.

வண்டி பேசும்போது கவனிக்க வேண்டியவை:

ஓட்டுநர் ஊருக்குத் தெரிந்தவரா, குடிப்பழக்கம் இல்லாதவரா என்று பாருங்கள். ஓட்டுநர் உரிமத்தையும் வண்டியின் இன்சூரன்சையும் கேட்டுப் பாருங்கள். கேட்டால் கோபப்படுகிறவர் நமக்கு வேண்டாம்.

அளவுக்கு மீறிப் பிள்ளைகளை அடைக்கக் கூடாது. ஓட்டுநர் சீட்டில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பிள்ளை உட்காரவே கூடாது.

வண்டியின் தளத்தையும் கதவையும் குனிந்து பாருங்கள். 2012 ஜூலையில் சென்னைப் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்துபோனாள். அதற்குப் பிறகு அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. பள்ளிப் பேருந்தில் உதவியாளர், முதலுதவிப் பெட்டி, அவசர வழி இருக்க வேண்டும். உங்கள் பிள்ளை அப்படிப்பட்ட பேருந்தில் போனால், இவை இருக்கின்றனவா என்று நீங்களே ஏறிப் பாருங்கள்.

பெண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளையானாலும் ஓட்டுநரோடு தனியே அனுப்பாதீர்கள். முதலில் ஏறி கடைசியில் இறங்கும் பிள்ளைதான் தனியே மாட்டிக்கொள்ளும். பேச முடியாத பிள்ளைக்கு ஆபத்து இன்னும் அதிகம். திடீரென்று வண்டியைக் கண்டு பயந்தாலோ, குளிக்க வைக்கும்போது உடம்பில் காயம் தெரிந்தாலோ அலட்சியம் செய்யாதீர்கள். 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், கட்டணம் இல்லை.

பெண் பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் பள்ளியை நிறுத்துகிறவர்கள் உண்டு. நிறுத்த வேண்டாம். துணைக்கு ஒரு பெண் போகட்டும். மாற்றுத் துணி பையில் இருக்கட்டும். ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிள்ளைக்குத் தக்கபடி கவனிப்பு

கை கால் விறைத்த பிள்ளை: கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். முட்டியை மடக்கி, கால்களை அகட்டி, உங்கள் இடுப்பின் மேல் உட்கார வைத்துத் தூக்குங்கள். விறைப்பு குறையும், பாரமும் குறையும். தூக்குகிறவர் இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கிக் குனிய வேண்டும். பிள்ளை பெரியவனானால் இரண்டு பேர் தூக்குங்கள். வண்டியில் சாய்ந்து விழாமல் இரு பக்கமும் மடித்த போர்வை வையுங்கள். சாப்பாடு ஊட்டிய உடனே வண்டியில் ஏற்றாதீர்கள், புரையேறும்.

வலிப்பு வரும் பிள்ளை: காலை மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். வழியில் வலிப்பு வந்தால் வண்டியை நிறுத்தி, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். வாயில் கரண்டி வைக்க வேண்டாம், கையில் இரும்புச் சாவி கொடுக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். இதை ஓட்டுநருக்கும் துணைக்கு வருபவருக்கும் ஒரு தடவை செய்து காட்டிவிடுங்கள்.

புத்தி வளர்ச்சி தாமதமான பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை: புது வண்டியையும் ஹாரன் சத்தத்தையும் கண்டு மிரளும். பள்ளி திறப்பதற்கு முன்பே ஒரு லீவு நாளில் அதே ஆட்டோவில் பள்ளி வரை போய்த் திரும்புங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் பழகிவிடும். தினமும் அதே இடம், அதே நேரம் என்று இருக்கட்டும். சட்டைப் பைக்குள் பெயரும் உங்கள் போன் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். வெளியே தெரிகிற மாதிரி மாட்ட வேண்டாம்.

காது கேளாத பிள்ளை, பார்வை குறைந்த பிள்ளை: பின்னால் வரும் லாரியின் சத்தம் ஒரு பிள்ளைக்குக் கேட்காது, இன்னொரு பிள்ளைக்கு லாரியே தெரியாது. ஆகவே சாலையின் எதிர்ப்பக்கம் இறக்கிவிடக் கூடாது. பள்ளி இருக்கிற பக்கத்திலேயே இறக்கி, ஒருவர் கையில் ஒப்படைக்க வேண்டும்.

சைக்கிளிலோ மொபெட்டிலோ கொண்டுபோகிறவர்கள், பின் சக்கரத்துக்குக் காப்புத் தகடு போட்டுக்கொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்த கால் சக்கரக் கம்பிக்குள் போனால் பிள்ளைக்கு வலிகூடத் தெரியாது. வண்டியில் போகும் பிள்ளைக்கும் ஹெல்மெட் வேண்டும். நிமிர்ந்து உட்கார முடியாத பிள்ளையை இரண்டு சக்கர வண்டியில் கொண்டுபோகவே வேண்டாம்.

ஊரும் சேர வேண்டும்

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். உங்களைப் போன்ற பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு. பள்ளி வாசலில் சாய்தளம் இல்லை, சக்கர நாற்காலி போகிற அளவுக்குப் பாதை இல்லை என்றால் அங்கே சொல்லுங்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நாட்களில் கிராம சபை கூடுகிறது. தெருக் குழியை மூடச் சொல்லி அங்கே மனுக் கொடுங்கள். மூன்று வீட்டார் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அதற்கு மதிப்பு தனி.

கடைசியாக, அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் நானும் சிறப்பாசிரியர் ஒருவரும் தகப்பனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினோம். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரோடு சேர்த்து ஒரு ஆட்டோ ஏற்பாடாயிற்று. காலையில் தகப்பன் தூக்கி ஏற்றுவார். மாலையில் தாய் இறக்குவாள். பையன் திரும்பவும் பள்ளிக்குப் போனான், படித்தான்.

ஆனால் அவனுடைய அக்கா திரும்பிப் போகவில்லை. ஒரு வருஷம் விட்டுப்போனதால், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டாள். வீட்டு வேலையிலேயே நின்றுவிட்டாள். எவ்வளவோ சொல்லியும் பயன் இல்லை. வழி பண்ணுவதில் நாங்கள் செய்த தாமதத்துக்கு அந்தப் பெண்ணின் படிப்பு போயிற்று. உங்கள் வீட்டில் அப்படி நடக்க வேண்டாம்.

இந்த வாரமே செய்யுங்கள்

1. பிள்ளையின் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள்.

2. தலைமை ஆசிரியரிடம் பதிவு, பயணப்படி, துணையாள் படி மூன்றையும் கேளுங்கள்.

3. கணவனும் மனைவியும் உட்கார்ந்து காலை, மாலை, நோய், மழை என்ற நான்குக்கும் ஆள் குறியுங்கள்.

4. இதே நிலையில் இருக்கிற இன்னொரு வீட்டாரிடம் போய்ப் பேசுங்கள்.

சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். வரும்போது இருவரும் சேர்ந்து வாருங்கள்.

ஒரு பிள்ளையும் திண்ணையில் தங்க வேண்டாம்!
அதற்காக இன்னொரு பிள்ளையும் நிற்க வேண்டாம்!